‘நான்’ என்று அடித்தால்

கூடுதலாக ஒரு மெமரி வாங்கிப் போட்டால் லேப்டாப் ஜம்மென்று ஓடும் என்றார் கணவர். வாங்கிப் போட்டாள். ஓடவில்லை. விழுந்து விழுந்து எழுந்தது. நீலத் திரை, உள்ளே யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு விசிறிச் சத்தம், பிறகு இருட்டு.

அவள் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவள். கையில் இருந்தது ஒரு கப்பல் சமையல்காரரின் சுயசரிதை. சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். “ஆசிரியர் எழுதினதை இந்தத் தடவையும் நீங்களா மாத்தினா, அடுத்த வேலை கிடையாதும்மா” என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மறுபடி உயிர் வந்ததும் கோப்பைத் திறந்தாள்.

‘நான் துறைமுகத்தில் இறங்கினேன்’ என்று இருந்த இடத்தில், ‘நாங்கள் துறைமுகத்தில் இறங்கினோம்.’

வினைமுற்றுகூடப் பிசகவில்லை.

கணவருக்குப் போன் போட்டாள். “என் ஃபைல்ல கை வெச்சீங்களா?”

“எனக்கு ஒற்று எங்க போடணும்னே தெரியாது. வினைமுற்றையா மாத்தப்போறேன்? மெமரி வித்த மெக்கானிக்கைப் போய்ப் பிடி.”

பிடித்தாள். மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி, லேப்டாப்போடு வந்த மெமரியை மட்டும் வைத்து ஓட்டினார். சமர்த்தாக ஓடியது. தான் விற்றதை மட்டும் செருகினார்.

நீலம்.

“இதுதாங்க வில்லன்.”

“புதுசுன்னுதானே தலையில கட்டினீங்க?”

அவர் பின்னந்தலையைச் சொறிந்தார். “புதுசு மாதிரி... ஒரு வீட்டு லேப்டாப்புல கழட்டினதுங்க. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்களோடது. வீட்டு ஓனர் மொத்தமா எடைக்குப் போட்டாரு.”

“அவங்களே போடலையா?”

குரல் தாழ்ந்தது. “அவங்க யாரும் இப்ப இல்லீங்க.”

“அவங்க அடிச்சது ஏதாவது இதுல தங்கியிருக்குமா?”

“சேச்சே! கரண்ட் போனா மெமரியில ஒரு எழுத்துகூட நிக்காது.”

சொன்னவர் அதை விரலால் தொடவில்லை. இடுக்கியால் எடுத்து டிராயரில் போட்டு மூடினார்.

வீட்டில் லேப்டாப் பதவிசாக நடந்துகொண்டது. ஒவ்வொரு ‘நாங்கள்’ஐயும் ‘நான்’ ஆக்கி, கடைசிப் பக்கம்வரை சரிபார்த்து அனுப்பினாள். ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. அறையில் மட்டும், நெடுநாள் பூட்டிய வீட்டைத் திறந்த வாடை.

போன் அடித்தது. மேலாளர்.

“பார்த்தேம்மா. ஒரு ‘நாங்கள்’கூட இல்ல.”

அவளுக்கு மூச்சு வந்தது.

“எல்லாத்தையும் ஏன் ‘நாம்’னு மாத்தி வெச்சிருக்கீங்க?”

அனுப்பிய கோப்பைத் திறந்தாள். நாம் இறங்கினோம். நாம் சமைத்தோம். நாம் தூங்கவில்லை.

‘நாங்கள்’ என்றால் கேட்கிறவர் வெளியே. ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

“ஹலோ? யார் பார்த்த வேலைம்மா இது?”

‘நான் இல்லை சார்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“நாமதான் சார்” என்றது வாய்.