நாற்றுக்குக் கிச்சுகிச்சு

துள்ளி சும்மா உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. புகைப்படங்களில்கூட அவள் ஒரு கோடாகத்தான் இருப்பாள். வகுப்புப் படத்தில் இரண்டு இடங்களில் நிற்கிறாள் என்பார்கள். நன்றாக எண்ணிப் பார்த்தவர்கள் மூன்று என்கிறார்கள்.

அவளுடைய அப்பா முன்பு வெளியூரில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். துள்ளி பேச ஆரம்பிப்பதற்குள் குறட்டை விடுவார். இந்த வருஷம்தான் வீட்டுக்குப் பின்னால் கண்ணாடிக் குடில் கட்டி, விற்பதற்காகத் தக்காளி நாற்று வளர்க்கத் தொடங்கியிருந்தார். நாற்று விற்றால் அப்பா இங்கேயே இருப்பார். விற்காவிட்டால் பழையபடி வெளியூர்தான்.

அந்தக் குடிலுக்குள் காற்று நுழையாது, தூசி நுழையாது. பக்கத்து வீட்டுச் சண்டை கண்ணாடி வரைக்கும் வந்து, உள்ளே போக வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும். வெயில் சுடக்கூடாது என்று கூரை மேல் வலைத்துணி வேறு.

துள்ளிக்கு அங்கே அனுமதி இல்லை.

"நாத்து குழந்தை மாதிரிம்மா. அசங்கவே கூடாது," என்றார் அப்பா.

"நானும் குழந்தைதானே?"

"நீ புயல்."

நாற்றுகள் கிடுகிடுவென்று உயர்ந்தன. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு ஒருநாள் காலை, ஒரு நாற்று பக்கத்து நாற்றின் தோளில் சாய்ந்தது. அது அடுத்ததன் மேல் சாய்ந்தது. மாலைக்குள் ஒரு வரிசையே தூங்கி வழியும் பேருந்துப் பயணிகள் மாதிரி கிடந்தது.

நாற்று வாங்கப்போகும் தோட்டக்காரம்மா இரண்டு வாரத்தில் லாரியோடு வருவதாக இருந்தார். "நின்னா எடுத்துக்கறேன். படுத்தா நீங்களே வெச்சுக்கோங்க," என்று முன்பே சொல்லியிருந்தார்.

அன்று மாலை அப்பா போனில் மெதுவாகப் பேசுவது துள்ளியின் காதில் விழுந்தது. "சார், அந்தப் பழைய வேலை இன்னும் இருக்கா?"

துள்ளி இருப்புக் கொள்ளாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். சுற்றும்போது துணிக்கொடிக்குக் கீழே எதிலோ கால் இடறியது.

குடிலில் இடமில்லை என்று வெளியே வைத்த ஒரு நாற்றுக் குழித்தட்டு. அதே விதை, அதே மண். ஆனால் நாற்றுகள் குள்ளம். அப்பா அவற்றுக்குக் குட்டையன்கள் என்று பெயர் வைத்து, மறந்தும் போயிருந்தார். கொடியில் தொங்கிய துண்டு காற்றில் ஆடி ஆடி, குட்டையன்களின் தலையைத் தடவிவிட்டுப் போனது.

துள்ளி ஒரு குட்டையனை விரலால் தள்ளினாள். அவன் வளைந்து, விலுக்கென்று நிமிர்ந்தான். மறுபடி தள்ளினாள். மறுபடி நிமிர்ந்தான்.

ஒரு கையில் குட்டையன், மறு கையில் அப்பாவுக்குத் தெரியாமல் குடிலிலிருந்து எடுத்த நெட்டையன். ஒரே ஓட்டமாகத் தெருக்கோடியில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குப் போய் நின்றாள். நின்றாள் என்பது பேச்சுக்குச் சொல்வது.

அங்கே வேலை பார்ப்பவர் துள்ளியின் சித்தி. செடியின் உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. பூங்கொத்து கொடுத்தால் நன்றி சொல்வதற்கு முன் காம்பை நறுக்கிவிடுவார்.

"சித்தி, இவன் ஏன் நிக்கறான்? அவன் ஏன் விழறான்?"

சித்தி இரண்டையும் மெல்லியதாகச் சீவி, சாயம் விட்டு, நுண்ணோக்கியில் வைத்தார். திரையில் பச்சைப் பச்சையாக இழைகள் மின்னின.

"இதுக்குப் பேர் நுண்குழல். செல்லோட சுவரை எந்தப் பக்கம் பலமா கட்டணும்னு வழிகாட்டறது இதுதான். நெட்டையனைப் பாரு. பீப்பாய்க்கு வளையம் போட்ட மாதிரி குறுக்கால நிக்குதா? இடுப்பை இறுக்கிக் கட்டிட்டா செல் எங்கடி வளரும்?"

"மேலதான்!"

"குட்டையனைப் பாரு."

அவனுக்குள் குழல்கள் நெடுக்காகத் திரும்பியிருந்தன.

"யார் திருப்பினது?"

"அதுவேதான். உயரமா வளருன்னு உள்ளேருந்து சேதி வந்தா குறுக்கால நிக்கும். காத்தோ வெளிச்சமோ வெளியிலேருந்து வந்து தட்டினா, இருக்கறதைக் கலைச்சுட்டு வேற மாதிரி அடுக்கிக்கும். உயரம் போனது போதும், உடம்பைத் தேத்துன்னு அர்த்தம். ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. யாரை மாதிரின்னு..."

சித்தி திரும்பினார். துள்ளி அங்கே இல்லை.

"அப்பா! ஒரு துண்டு குடுங்க!"

"எதுக்கு?"

"நாத்தை அடிக்கறதுக்கு!"

அப்பா குடிலின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"சரி, அடிக்கலை. கிச்சுகிச்சு மூட்டறேன். கொடிக்குக் கீழ இருக்கறவங்களை வந்து பாருங்க. துண்டு தட்டித்தட்டியே கெட்டியாயிட்டாங்க."

அப்பா போய்க் குட்டையனைத் தள்ளிப் பார்த்தார். அவன் நிமிர்ந்தான். அப்பா தாடையைச் சொறிந்தார்.

"உடைஞ்சுட்டா?"

"இப்பவே படுத்துட்டுதானேப்பா இருக்கு?"

அப்பா வலைத்துணியைச் சுருட்டினார். கதவைத் திறந்து வைத்தார்.

அன்றிலிருந்து துள்ளி காலையும் மாலையும் வரிசைகளுக்கு நடுவே ஓடினாள். துண்டின் நுனி நாற்றுகளின் தலையைத் தடவிக்கொண்டே பின்னால் வந்தது. முதல் இரண்டு நாள் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு கண்ணைத் திறந்தார். அந்த நாட்களில் குடிலுக்குள்ளிருந்து கிளம்பிய காற்றில் பக்கத்து வீட்டுத் துணி காய்ந்தது என்று ஒரு பேச்சு உண்டு.

மிகவும் சாய்ந்த சில நாற்றுகள் பிழைக்கவில்லை. மற்றவை உயரத்தை நிறுத்திவிட்டு, தண்டு பருத்து நின்றன.

லாரி வந்தது. தோட்டக்காரம்மா ஒரு தட்டைத் தூக்கி, சல்லடை சலிப்பது போல ஆட்டினார். அப்பா தட்டைத் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினார். நாற்றுகள் ஆடின. பிறகு ஒன்றும் நடக்காதது போல நின்றன.

"நல்லா இருக்கே! என்ன போட்டீங்க?"

"என் பொண்ணைப் போட்டேன்," என்றார் அப்பா.

தோட்டக்காரம்மா எல்லாத் தட்டுகளையும் லாரியில் ஏற்றச் சொன்னார். அடுத்த முறை கத்தரி நாற்று வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அப்போதே வெளியூருக்குப் போன் போட்டார். "சார், நான் வரலை," என்றார். இந்த முறை சத்தமாக.

கத்தரி முளைத்த பிறகு ஒருநாள், யாரும் நம்ப முடியாத ஒன்று நடந்தது. துள்ளி ஒரே இடத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அப்பா பதறியடித்து ஓடிவந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே! அப்புறம் என்ன உட்கார்ந்திருக்க? கத்தரியெல்லாம் நெட்டையா போகுது, எந்திரிச்சு ஓடும்மா!"