சின்னவனின் குரல்

"தண்ணி வேணாம்மா" என்று சின்னவன் சொன்னபோது, அவள் வழக்கம்போல "ரெண்டு வாய் குடிடா கண்ணு" என்று பதில் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை அவன் மூக்குப் பக்கம் நகர்த்தினாள். நகர்த்திய பிறகுதான் உறைத்தது. சின்னவன் நாய். அவனுக்காகப் பேசுகிற வேலை இப்போது அவளுடையது. அவள் பேசவில்லை.

பேசியிருப்போம், கவனித்திருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து பொட்டுத் தூக்கமில்லை.

அந்தக் குரல் அவள் கணவர் கண்டுபிடித்தது. மகளுக்கு அடுத்த பிள்ளை இவன்தான் என்று சின்னவன் என்ற பெயரை வைத்ததும் அவர்தான். மூக்கால், மெல்லிசாக, அழுமூஞ்சித்தனமாகப் பேசுவார். "அம்மா, அக்கா என் பந்தை ஒளிச்சு வச்சுட்டா." அதற்கு வீட்டில் ஒரு சட்டம் உண்டு. குரல் கேட்டால் நாயைத்தான் பார்க்க வேண்டும். பேசுகிறவர் முகத்தைப் பார்த்தால் ஆட்டம் கலைந்துவிடும். மூன்று பேரும் வருஷக்கணக்காக அந்த நாயின் முகத்தைப் பார்த்தே சண்டை போட்டார்கள், சமாதானமும் ஆனார்கள். பிறகு மகள் கல்யாணமாகி விமானம் ஏறினாள். போன வருஷம் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். குரலை அவள் எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சரியாக வராது, தொண்டை கட்டிய சின்னவன் மாதிரி இருக்கும். ஆனாலும் சாயங்காலம் வீடு திரும்பினால் "ஏம்மா லேட்டு" என்று கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

நேற்று சின்னவன் மாடிப்படியில் அப்படியே சரிந்து விழுந்தான். இதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் கால்நடை மருத்துவர், இன்று மறுபடி கொண்டுபோனபோது. "ஊசி போட்டிருக்கேன். தூங்கும்போது நெஞ்சைப் பாருங்க, ஏறி இறங்கினா ஒரு மூச்சு. எண்ணிக்கிட்டே இருங்க. காலைல வரைக்கும் தாங்கிட்டான்னா பொழச்சுக்குவான்." அவள் மருந்துக்கடையில் ஊருக்கெல்லாம் மாத்திரை வெட்டிக் கொடுக்கிறவள். இவனுடைய அரை மாத்திரையை வெட்டும்போது மட்டும் அது மூன்று துண்டாகப் போனது.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்துத் தரையில் பழைய போர்வையை விரித்து, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள். ஈர ரோமத்தின் வாடையும் மருந்தின் கசப்பும் கலந்து மூக்கில் நின்றன, சமையலறையில் பிரிட்ஜ் உறுமி உறுமி அடங்கியது, ஜன்னல் கம்பிகளின் நிழல் தெருவிளக்கில் சுவர் முழுக்க நீண்டு, வண்டி ஏதாவது போகும்போது மட்டும் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தது. ஒன்று. இரண்டு. போன் அடித்தது. மகள்.

"எப்படிம்மா இருக்கான்?"

"தூங்குறான். மூச்சை எண்ணிட்டு இருக்கேன்."

"அக்கா," என்றது குரல், "நான் எங்கயும் போகமாட்டேன்க்கா."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. "அப்படியே அப்பா மாதிரி பேசுறம்மா. உனக்குத்தான் இது வரவே வராதே."

அவள் விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது. சொல்லிவிடலாமா? சொன்னால், அம்மாவுக்குத் தனியாக இருந்து இருந்து புத்தி கலங்கிவிட்டது என்று மகள் அடுத்த விமானத்தில் வந்து இறங்குவாள். வீட்டைப் பூட்டுவாள். சின்னவனை யாரிடமாவது கொடுக்கச் சொல்வாள்.

"அப்புறம் பேசுறேன்டி" என்று வைத்துவிட்டாள்.

பயமாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் நடைவழி இருட்டாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்திருக்கலாம். ஆனால் சட்டம் சட்டம்தான். அதோடு, அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருஷமாகிறது. அவள் ஏங்கிப் போயிருந்தாள். சின்னவன் முகத்தையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"நெஜமா போகமாட்டியாடா?"

"மாட்டேன்மா."

"என்னைத் தனியா விட்டுடாதடா. என்ன ஆனாலும் சரி."

குரல் யோசிப்பதுபோல இழுத்தது. பிறகு, "என்ன ஆனாலும் சரியாம்மா?" என்று கேட்டது.

"சரி" என்றாள்.

அவனுடைய நெஞ்சு ஏறி இறங்கியது. நிம்மதியாகத் தலையைப் போர்வையில் சாய்த்தாள். எண்ணிக்கொண்டேதான் இருந்தாள்.

விழித்தபோது மழை நின்றிருந்தது. பிரிட்ஜ் சத்தம் இல்லை. தெருவிளக்கும் இல்லை, ஜன்னலில் விடியற்கால மங்கல் வெளிச்சம் மட்டும். ரோமத்தின் வாடைக்கு அடியில் வேறொரு வாடை. வெகுநாள் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்ததுபோல.

யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"பதினேழு."

தூக்கக் கலக்கத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. நாம் அசந்தாலும் எண்ண ஒரு ஆள் இருக்கிறது. கையை நீட்டிச் சின்னவனின் விலாவில் வைத்தாள்.

ஜில்லென்றிருந்தது. விறைத்திருந்தது. ஏறவில்லை. இறங்கவில்லை.

"பதினெட்டு."

அவளுடைய நெஞ்சுதான் ஏறி இறங்கியிருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

குரலும் நின்றது. காத்திருந்தது.

காதில் ரத்தம் இரைந்தது. விலா வலித்தது. கண்ணில் நீர் முட்டியது. முடியவில்லை. வாயைப் பொத்திய விரல்களின் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது.

"பத்தொன்பது" என்றது குரல். அழுமூஞ்சித்தனமாக, செல்லமாக. "இன்னும் நிக்கலையேம்மா."

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் நாயைப் பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. ஈரம் காய்ந்து, தூசி படிந்த கண்ணாடிபோல மங்கியிருந்த அந்தக் கண்கள், அவள் நெஞ்சையே பார்த்தபடி அதோடு சேர்ந்து மெல்ல மேலே ஏறின. இறங்கின. ஏறின.