இரவல் சோபா

காலை ஏழு மணிக்கே பக்கத்து வீட்டு சோபா வாசல்படி ஏறிவிட்டது. தூக்கி வந்த இருவரையும் மாமியார் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"சுவத்துல இடிக்காம கொண்டாங்கப்பா!"

மருமகள் ஓடி வந்து குறுக்கே நின்றாள். "அத்தை, வரப்போறது சம்பந்தி வீட்டுக்காரங்களா? வீட்டுக்கடன் உதவிக்கு விசாரிக்க வர்ற ஆபீசரம்மா! நாம கஷ்டப்படுறோமான்னு பாக்கத்தானே வர்றாங்க..."

"அதுக்காக வெறுந்தரையில உக்காந்து மூக்கைச் சிந்தணுமா? பேங்குக்காரன் வீட்டைத்தான் ஏலம் போடுவான். நீ மானத்தையே ஏலம் போட்டுட்டியேடி!"

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். லிப்ட் பழுது பார்க்கப் போன கணவன் தவறி விழுந்து, தோள்பட்டை நொறுங்கி வீட்டோடு கிடந்தான். தவணை நின்றுபோய் வங்கியிலிருந்து ஏல நோட்டீஸும் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சலவை நிலையத்தில் இரண்டு ஷிப்ட் நின்று, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து மனுக் கொடுத்தாள். அதற்கு மாமியார் வைத்த பெயர், ஊர் சுற்றுவது!

பதினோரு மணிக்கு அதிகாரியம்மாள் வந்தாள். சோபாவைப் பார்த்தாள், புதுத் திரைச்சீலைகளைப் பார்த்தாள். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் போல் உடுத்தி நின்ற மாமியாரையும் பார்த்தாள்.

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. மருமக விவரம் தெரியாதவ... அவசரப்பட்டு மனு குடுத்துட்டா" என்று சிரித்தாள் மாமியார்.

"அப்போ உதவி தேவையில்லைன்னு எழுதிக்கவா?"

பேனா தாளைத் தொட்டது. அந்த ஒரு வரி விழுந்தால் வீடு போயிற்று.

"எழுதாதீங்க மேடம்!" மருமகள் முன்னால் வந்து நின்றாள். "இந்த சோபா இரவல். திரையும் இரவல்!"

"வாயை மூடுடி!"

"மூட மாட்டேன் அத்தை! இத்தனை நாள் மூடிக்கிட்டு இருந்தது போதும்."

விறுவிறுவென்று போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள். சத்தம் போடாமல் கிட என்று அம்மா சொல்லிவைத்திருந்ததால், கட்டுப் போட்ட தோளோடு கணவன் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"பாருங்க மேடம். பதினாலு வருஷம் இவரு சம்பளத்துல வரி பிடிச்சாங்க. அப்போ யாரும் வெட்கப்படலையே! விழுந்தவங்க எழுந்திருக்கத்தானே இந்தத் திட்டம்? அதைக் கேக்க நான் ஏன் தலை குனியணும்?"

மாமியார் சோபாவிலேயே சரிந்தாள். "வெளியாள் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாளே..."

"பொய் சொன்னது நீதாம்மா." கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். மனைவியின் முழுக்கைச் சட்டையின் கையை மெல்ல மேலே ஏற்றிவிட்டான். "முழுக்கை போட்டு மினுக்கிட்டுப் போறான்னு இவளைத் திட்டுவியே... இந்தக் கையைப் பாரு!"

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இஸ்திரி சுட்ட வடுக்கள். சில இன்னும் ஆறவில்லை.

அதிகாரியம்மாள் குரலைத் தணித்தாள். "ஏலத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி இன்னைக்கே பேங்குக்கு எழுதறேன். வீட்டுப் பத்திரத்துல நீங்களும் இருக்கீங்க பெரியம்மா. உங்க கையெழுத்து வேணும்."

மாமியார் மனுவை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் படித்தாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில், மருமகளின் கையெழுத்தில், மாமியாரின் பெயர்தான் இருந்தது.

"என் பேரையா போட்டிருக்கே...? நான் உன்னை அவ்வளவு பேசியுமா?"

"பேசினா என்ன? நீங்கதானே இந்த வீட்டுக்குப் பெரியவங்க."

மாமியார் உடைந்து அழுதாள். அந்தச் சுட்ட கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்துத் தன் பெயரை அடிக்கப் போனாள்.

"ஐயோ, அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாது பெரியம்மா!" என்று பதறினாள் அதிகாரியம்மாள்.

"அப்படின்னா வேற தாள் குடுங்க. இவ பேரைத் தலைவியாப் போட்டு, முதல்லேர்ந்து நானே எழுதறேன்."