அம்சத்தின் பங்குக் கஞ்சி

கஞ்சித்தொட்டியின் முன்னால் நின்று, விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தியாகராசன் பேர் வாசித்துக்கொண்டிருந்தார். "அம்சம்" என்றதும், காய்ச்சலில் படுத்திருக்கும் மகளுக்காகப் பதில் சொல்லச் சாமிதுரை வாயைத் திறப்பதற்குள், அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ "ஆஜர்" என்றார்கள். அவன் சட்டியில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. திரும்பிப் பார்த்தான். வரிசையில் அவன்தான் கடைசி ஆள்.

அரைப் படி நெல் கூலி கூட்டிக் கேட்டு அறுவடையை நிறுத்திப் பதினேழு நாள். வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் தெருவில் ஒரு வீட்டிலும் உலை கொதித்தபாடில்லை. மன்னார்குடிச் சங்கத்தார் அனுப்பும் அரிசியில் சாயங்காலம் மட்டும் இந்தக் கஞ்சி. பேர் வாசித்தால் "இருக்கேன்" என்பதுதான் இங்கே வழக்கம். "ஆஜர்" என்பது பட்டாளத்துப் பேச்சு.

குரலும் தெரிந்த குரல்தான்.

வாய்க்கால் கரையில் நடந்தான். அறுக்க ஆளில்லாமல் சாய்ந்த சம்பாவின் ஈர வாடை மூக்கில் ஏற, தவளைகள் ஒவ்வொன்றாக அடங்க, கால் வீங்கியவன் சேற்றில் இழுத்து இழுத்து வைக்கும் நடை பின்னாலேயே வந்தது.

பட்டாளத்தில் இருந்த சாமிதுரை சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, நியூகினித் தீவில் மூன்று வருஷம் கைதியாகக் கிடந்தபோது பக்கத்தில் படுத்தவன் குத்தாலத்து நல்லக்கண்ணு. ஒரு விடியற்காலையில் வீங்கிய காலோடு செத்துக் கிடந்தான். சாமிதுரை யாரிடமும் சொல்லவில்லை. சாக்கை இழுத்துப் போர்த்திவிட்டு, நோயாளிக் கொட்டகையில் பேர் வாசித்தபோது நல்லக்கண்ணுவின் குரலிலேயே "ஆஜர்" என்றான். நான்கு நாள் இரண்டு பேர் சோற்றைத் தின்றான். அதில் பிழைத்துத்தான் ஊர் வந்து சேர்ந்தான். மனைவி ராமாயியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அங்கே அடுத்தவனுக்கு ஆஜர் சொன்னால் ஒரே அர்த்தம்தான்: அவன் செத்துவிட்டான்.

ஓடினான். கஞ்சி சிந்திக் கையைச் சுட்டது. காலடி இப்போது அவனுக்கு முன்னால் கேட்டது. அவன் வீட்டைப் பார்த்து.

"மெதுவா வாங்க. காய்ச்சல் இறங்கிடுச்சு," என்று ராமாயி சிரித்தாள். அவள் சிரித்துப் பத்து நாளாகிறது. "உடம்பு ஜில்லுன்னு ஆயிடுச்சு. இப்பத்தான் பசிக்குதுன்னா."

பிள்ளை சுவர் ஓரமாகப் படுத்திருந்தாள். தலைவரைச் சாக்கு மூடியிருந்தது. சாமிதுரை கால்மாட்டில் உட்கார்ந்து உள்ளே கையை விட்டான். சின்னப் பாதம். விறைத்திருந்தது.

"அம்சம்," என்றான்.

"ஆஜர்."

ஆண் குரல். சாக்குக்குள்ளிருந்து.

"இருக்கேன்னு எவ்வளவு தெளிவாச் சொல்றா பாருங்க," என்றாள் ராமாயி.

சொல்லிவிடலாம். பிள்ளை போய்விட்டாள் என்று ஒரு வார்த்தை. அந்தச் சிரிப்பு அத்தோடு தீர்ந்துவிடும்.

ராமாயி சாக்கின் மேல்முனையைச் சற்றே தூக்கி, கொட்டாங்கச்சியில் மொண்ட கஞ்சியை உள்ளே நீட்டினாள். விழுங்கும் சத்தம். மடக். மடக். கொட்டாங்கச்சி வெறுமையாகத் திரும்பியது.

"இன்னும் வேணுமாம். உங்க பங்கையும் குடுங்களேன்."

சாமிதுரை சட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். இன்னொரு கையில் மகளின் பாதம் மரக்கட்டையாகக் கிடந்தது. ராமாயி மொண்டு மொண்டு ஊட்டினாள். இருட்டுக்குள் அது விழுங்கிக்கொண்டே இருந்தது.