பெயர் எழுதாத பத்திரம்

குக்கர் மூன்றாவது விசில் அடித்து ஓய்ந்தபோது ஆஷாவின் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. 'உங்கள் தபால் ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்: வீட்டு உரிமையாளர்.'

ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தாள். வீட்டு உரிமையாளர் அவள்தான். அவள் நிற்பதோ புனேயில், ஒரு வாடகை வீட்டின் நாலாம் மாடிச் சமையலறையில். தபால் போனது திருவனந்தபுரத்துக்கு.

கூரியர் ரசீதைத் தேடி எடுத்தாள். சாலை கடைத்தெருவில் இரும்புச்சாமான் கடை வைத்துக்கொண்டு வீட்டுத் தரகும் பார்க்கிற வன்னியபெருமாளின் விலாசம் அதில் இருக்க வேண்டும். இருந்தது வேறு. கோட்டைக்குள், அக்ரஹாரத் தெருவில், அவள் பிறந்த வீட்டின் விலாசம். முப்பது வருஷமாக அந்த ஊருக்கு எழுதிய கடிதமெல்லாம் அந்த ஒரே விலாசத்துக்குத்தான் போயிருக்கிறது. பாவம், கை தானாக எழுதிவிட்டது. நமக்கும் நடக்கக்கூடியதுதான்.

ஆனால் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அவளுடைய அப்பா காலமான பிறகு நாலு வருஷமாக அங்கே யாரும் இல்லை.

தபாலில் இருந்தது பவர் பத்திரம். அவளால் நேரில் வர முடியாததால் அவள் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட்டு வீட்டை விற்கலாம் என்று அதிகாரம் கொடுக்கிற பத்திரம். சித்தப்பா பிள்ளை பட்டாபிக்குத்தான் கொடுப்பதாக இருந்தது. அவனுக்கு முட்டி ஆபரேஷன். நடப்பானோ மாட்டானோ தெரியாது. "பேரை மட்டும் விட்டுருங்க மேடம், யாரு வாராங்களோ இங்க வச்சு எழுதிக்கிடலாம்" என்று வன்னியபெருமாள் சொன்னார். மாதக் கடைசிக்குள் புனே வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பார்த்து வைத்திருக்கும் சின்ன ஃப்ளாட்டை வாங்க வேண்டுமானால் திருவனந்தபுரத்து வீட்டை விற்றாக வேண்டும். அந்த அவசரத்தில், பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் கையெழுத்துப் போட்டுக் கட்டைவிரலும் வைத்தாள். இவர் செய்வதெல்லாம் நானே நேரில் நின்று செய்ததாகும் என்ற வரிக்குக் கீழேயும்.

மறுநாள் காலை வன்னியபெருமாள் சாவியோடு போனார். வீடியோ அழைப்பில் அவருடைய மீசையும் சந்தனப் பொட்டும் மாறி மாறி வந்தன.

"பூட்டு போட்டபடியே கெடக்கு மேடம். ஜன்னல் வழியா போட்டிருப்பான் கூரியர்காரன், பின்ன என்ன? கொழப்பமில்ல."

"உள்ளே போய்ப் பாருங்கோ."

கதவு முனகிக்கொண்டு திறந்தது. போனின் சின்னச் சதுரத்துக்குள் ரேழியின் இருட்டு முதலில் வந்தது, பிறகு கூடம், முற்றத்தின் மேலே அடித்த கம்பிகள் தரையில் போட்டிருக்கும் நிழல், சுவரில் படம் மாட்டியிருந்த இடங்களில் வெளுத்த சதுரங்கள். தரை முழுவதும் புழுதி. வாசலிலிருந்து உள்ளறை வரை மட்டும் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குத் தரை மினுங்கிற்று. பெருக்கியது போலத் தெரியவில்லை. நாள்தோறும் ஏதோ ஒன்று அதே வழியாகப் போய்ப் போய் வந்து வந்து தேய்த்த மினுமினுப்பு.

"பத்திரம் இருக்கா?"

"ஒண்ணையும் காணுமே மேடம்." அவர் திரும்பினார். படம் ஆடியது. அப்போது, அவருக்குப் பின்னால், உள்ளறைப் பக்கத்திலிருந்து ஒரு செருமல் கேட்டது. பேசப் போகிறவர்கள் தொண்டையைச் சரிசெய்துகொள்வார்களே, அப்படி. கடைசியில் லேசாக ஒரு இழுப்பு.

"யார் அது?"

"எது மேடம்?"

"யாரோ செருமினாளே?"

"நீங்கதான மேடம் செருமினீங்க?" வன்னியபெருமாள் சிரித்தார். "நல்லா மொளகு போட்டுக் கஷாயம் குடிங்க."

ஆஷா செருமவில்லை. ஆனால் அந்த இழுப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலிருந்து அவள் கணவர் வெங்கிடேஷ் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவளைக் கேலி செய்கிறார்.

இரண்டு நாள் கழித்து அடுத்த வீட்டு லலிதாம்பாள் மாமி கூப்பிட்டாள். எழுபது வயதிலும் தெருவில் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"ஏண்டி ஆஷா, பெரிய மனுஷியாயிட்டயாக்கும். ஊருக்கு வந்து மூணு நாளாச்சு, ஒரு வாய் காபிக்கு உள்ள வரப்படாதோ? வாசல்லயே நின்னு காபிப்பொடி வாங்கிண்டு ஓடறயே!"

"மாமி, நான் புனேல இருக்கேன்."

"போடி, கேலியா பண்றே? கொரல் என்னமோ அடைச்சுண்டிருக்கு, எளைச்சும் போயிட்டே. இருக்கட்டும். பேசிண்டே நடக்காதே, ஒரு எடத்துல ஒக்காரு."

"நான் ஒக்காந்துண்டுதான் இருக்கேன் மாமி."

"அதெப்படி? நம்மாத்துக்கும் ஒங்காத்துக்கும் நடுவுல ஒரே சுவராக்கும். நீ நடக்கறது நன்னாக் கேக்கறதே."

ஆஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மாமியின் மின்விசிறிச் சத்தம். தெருவில் போகும் ஸ்கூட்டர். அதற்கெல்லாம் அடியில், சுவருக்கு அப்பால், வெறுங்கால்கள். போய், திரும்பி, போய். சட்டென்று நின்றன. ஆஷா மூச்சைப் பிடித்திருந்த அதே நேரத்துக்கு நின்றன. அவள் மூச்சை விட்டதும் மறுபடி நடந்தன.

அன்று மத்தியானமே பத்திரம் தயாரித்த வக்கீலிடம் ஓடினாள். ரத்து செய்ய வேண்டும், இன்றைக்கே. வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ரத்து செய்தால் அதிகாரம் பெற்றவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். யார் பெயருக்கு அனுப்புவது?

"பெயர் எழுதவில்லை" என்றாள்.

"அப்படியானால் அதை யார் கையில் வைத்திருக்கிறாரோ, அவர் எழுதிக்கொண்ட பெயர்தான் பெயர். அது தெரியாமல் நான் என்ன செய்ய?"

மாடிப்படி இறங்கும்போது போனைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தாள். அடையாளம் தெரியவில்லை என்றது. துடைத்துவிட்டு வைத்தாள். தெரியவில்லை. கீழே காய்கறிக்காரியிடம் கொத்தமல்லி கேட்டாள். அந்தப் பெண் அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது போன் அடித்தது. வன்னியபெருமாள். குரலில் கல்யாண வீட்டுச் சந்தோஷம்.

"கைராசிக்காரி மேடம் நீங்க! பவர் கிவர்னு அலைய வேண்டாம்னு நீங்களே பத்திர ஆபீசுக்கு வந்துட்டீங்களே, அதான் இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது. கைரேகை ஒரு தரம் வச்சதும் மிஷின் எடுத்துக்கிட்டுது. வாங்கினவங்க ஜிஜி மேடத்துக்கும் ரொம்ப சந்தோஷம். வியாழக்கிழமை நாலு மணிக்குச் சாவி கொடுக்கணும். மறந்திராதீங்க."

"அது நான் இல்லை" என்றாள் ஆஷா.

"ஹலோ? மேடம்? சத்தமே வரலியே." அழைப்பு அறுந்தது.

கூடத்தில் வெங்கிடேஷ் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆஷா அவர் முன்னால் போய் நின்றாள். அவளுடைய நிழல் அவர் மடியில் விழவில்லை.

"ஆமாம், வீடு முடிஞ்சுடுத்து" என்றார் அவர். "ஆஷா அங்கேதான் இருக்கா. வெள்ளிக்கிழமை வந்துடுவா."

"ஏன்னா" என்றாள். அவர் தலையைச் சற்றே சாய்த்து அவளைத் தாண்டி டி.வி.யைப் பார்த்தார். தோளைத் தொட்டாள். கொசு உட்கார்ந்தது போல அவர் அந்த இடத்தைச் சொறிந்துகொண்டார்.

அவள் ரயிலேறினாள். வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள். டிக்கெட் பரிசோதகர் அவளைக் கடந்து போனார். அவள் உட்காரப்போன இருக்கையில் ஒரு குடும்பம் மூட்டைகளை வைத்தது. அவள் கழிப்பறைக்குப் பக்கத்தில், இரும்பு வாடையிலும் பினாயில் வாடையிலும், ஒன்றரை நாள் நின்றுகொண்டு வந்தாள். பசிக்கவில்லை. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்திற்று. வியாழக்கிழமை மூன்றரை மணிக்குக் கிழக்கேகோட்டையில் பஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே நடந்தாள், மழை பெய்து ஓய்ந்த தார் ரோட்டிலிருந்து ஆவி கிளம்பிற்று, பூக்காரிகள் பிச்சிப்பூ பிச்சிப்பூ என்று எல்லோரையும் கூப்பிட்டார்கள், அவளை யாரும் கூப்பிடவில்லை.

வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. காலி செய்த வீடு. வறுத்த காபிப்பொடி வாசனை, அதற்கடியில் நெடுநாள் மூடிய பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. உள்ளறை ஜன்னல் விளிம்பில் அவளுடைய பத்திரம், நாலாக மடித்து.

பிரித்தாள். பெயருக்காக விட்டிருந்த இடத்தில் ஆஷா என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்தில், அவள் போடும் சுழியோடு. தாளின் அடிக்குப் பார்வை போயிற்று. அங்கே எதுவும் இல்லை. கையெழுத்து இல்லை. கட்டைவிரல் ரேகை இல்லை. பக்கம் பக்கமாகத் திருப்பினாள். வெறும் தாள். வெறும் தாள்.

வாசலில் பேச்சுக்குரல்.

"எல்லா அறையும் பாத்தாச்சுல்லா மேடம்?" வன்னியபெருமாள். "உள்ள ஆளோ சாமானோ ஒண்ணும் இல்லியே? இல்லைன்னு நீங்க ஒரு வாய் சொல்லிட்டா, சாவிய ஜிஜி மேடம் கைல கொடுத்துரலாம். வழக்கம் அது."

ஒரு செருமல். கடைசியில் லேசாக ஒரு இழுப்பு.

"உள்ள யாரும் இல்லை" என்றது ஆஷாவின் குரல்.

ஆஷா ஓடினாள். கூடம். ரேழி. வெளிச்சம் ஒரு பட்டையாகச் சுருங்கி, கோடாகி, போயிற்று. பூட்டு விழுந்த சத்தம். கதவில் அடித்தாள். கத்தினாள். கையும் வாயும் பஞ்சால் ஆனது போல.

"வரட்டுமா மாமி?" வெளியே.

"போயிட்டு வாடி கொழந்தே. இப்பத்தான் மொகத்துல களை வந்திருக்கு ஒனக்கு!"

ஆஷா உள்ளறை ஜன்னலுக்கு ஓடினாள். அது பக்கத்துச் சந்தைப் பார்த்தது. சந்தின் முனையில் தெரு தெரிந்தது. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. அவளுடைய பச்சைப் புடவை. அவளுடைய தோள். போன் அடித்தது. "இதோ, ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிட்டேன்னா. ராத்திரிக்கு மோர்க்கொழம்பு வெச்சுக்கோங்கோ, காலம்பற வந்துடுவேன்." ஆட்டோ நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. போயிற்று. ஆஷா கம்பிகளை விடவில்லை. விட்டால் விரல்கள் எங்கே போகும் என்று தெரியவில்லை.

விடிந்து வெகு நேரம் கழித்து, ஜிஜி அனுப்பிய பெயிண்டர்கள் இரண்டு பேர் சந்துக்குள் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஏணியைச் சுவரில் சாய்த்தார்கள். டப்பாவைத் திறந்தார்கள். டர்பன்டைன் நெடி.

"ஏ சுடலைக்கண்ணு, மொதல்ல ஜன்னல அடிச்சு முடிச்சிருலே. மழ வந்துரும்."

"அடிக்கேன்ணே, அடிக்கேன். எனக்கென்ன நாலு கையா இருக்கு?"

பிரஷ் மேல் கம்பியிலிருந்து இறங்கி வந்தது. வெள்ளை. அவன் முகம் ஒரு சாண் தூரத்தில். கண்ணில் தூக்கம். வாயில் வெற்றிலை. ஆஷா அவன் கண்ணுக்குள் பார்த்தாள். அதில் ஜன்னல் தெரிந்தது. கம்பிகள் தெரிந்தன.

"அண்ணே!"

"என்னலே?"

"இந்த எடத்துல கம்பி எல்லாம் தடிமனால்லா இருக்கு. முண்டும் முடிச்சுமா."

"பழைய வீட்டுக் கம்பி அப்பிடித்தாம்லே இருக்கும். ரெண்டு கோட்டிங் குடு."

பிரஷ் டப்பாவில் முங்கி எழுந்தது. குளிர்ந்து, ஒழுகி, அவளுடைய சுண்டுவிரல் மேல் ஏறியது. மோதிரவிரல். நடுவிரல். நகத்தின் இடுக்குகளிலும் சரியாகப் படும்படி, அவன் பொறுமையாக, திருப்பித் திருப்பித் தடவினான்.