இது ஒத்திகை

தீவு நாட்டிலிருந்து பதில் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

சுனாமி எச்சரிக்கை மையத்தில் ஏசியின் முனகலுக்கும் ஆறிய காபி வாடைக்கும் நடுவே உட்கார்ந்து, கடலைப் பங்குபோட்டுக்கொண்ட அத்தனை நாடுகளையும் வரிசையாகக் கூப்பிட்டு, "இது ஒத்திகை" என்று சொல்லிக்கொண்டே வந்த பெண் அதிகாரிக்கு, எப்போதும் சளசளவென்று பேசும் தீவுக்காரர் வாயடைத்துப்போனது என்னவோ போலிருந்தது. ரிசீவருக்குள் எங்கோ தண்ணீர் கொட்டியது. ஒத்திகை பார்க்க அவள் கணவனும் மகளும் கடற்கரைக்குப் போயிருந்தார்கள்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"மாடிக்கு வந்துட்டேன்மா... இது ஒத்திகை இல்ல."

லைன் அறுந்தது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேலாளர் சிரித்தார். "அவரு எப்பவும் இப்படித்தான். போன வருஷம் அழுதே காட்டினாரு."

அவளும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் ஒத்திகையில் செய்திகள்தான் பொய். கடலில் மிதக்கும் கருவிகளுக்கு நடிக்கத் தெரியாது. திரையில் தீவின் கோடு சரிந்தது, எகிறியது, காணாமல் போனது. அடுத்த நாட்டின் கோடு நடுங்கியது. அதுவும் போயிற்று. மேலாளரின் சிரிப்பு நின்றுவிட்டது.

சைரனை அழுத்தினாள்.

கரையோரக் கேமராவில் ஒருவரும் ஓடவில்லை. "அன்னிக்கு சைரன் கேட்டா பதறாதீங்க, சும்மா ஒத்திகைதான்" என்று ஒரு மாதமாக ஊர் ஊராகப் போய்ச் சொன்னவளே அவள்தான். ஜனங்கள் கொடிகளை ஆட்டிக்கொண்டு ஆற அமர நடந்தார்கள். கடலோரக் காவல்படையை அழைத்த மேலாளருக்கும் "பிரமாதம் சார்!" என்ற பாராட்டுத்தான் கிடைத்தது.

கணவனை அழைத்தாள்.

"ஏங்க, ஓடுங்க! நிஜமாவே வருது!"

"அடேங்கப்பா, குரல்கூட நடுங்குதே! பாப்பா, அம்மா எப்படி நடிக்கிறா பாரு."

"என் தலைமேல சத்தியம். பாப்பாவைத் தூக்கிட்டு ஓடுங்க!"

"சரி சரி, ஓடுறோம். அங்க என்னமோ வேடிக்கை, பாப்பா இழுக்கிறா, இரு."

வைத்துவிட்டான். மறுபடி அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

கேமராத் திரையில் கடல் இல்லை.

பளபளக்கும் சேறு. துடிக்கும் மீன்கள். கூச்சலிட்டபடி இறங்கி ஓடும் குழந்தைகள். எல்லோருக்கும் முன்னால், அவள் மகள்.

"வேணாம்டா கண்ணு," என்றாள் கண்ணாடித் திரையிடம்.

குழந்தை ஒரு மீனை இரு கைகளாலும் தூக்கி, கரையில் நின்ற அப்பாவுக்குக் காட்டிச் சிரித்தது. அதன் பின்னால் தொடுவானம் மெல்ல எழுந்து நின்றது.