சுபஸ்ரீயின் குறுக்கு விசாரணை

நாற்காலி சூடாக இருந்தது. மதியத்திலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை என்று லின்சிக்குத் தெரியும். ஏசிக்கு நேர் கீழே கிடந்த மர நாற்காலி அது. ஆனாலும் யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப் போல ஒரு வெதுவெதுப்பு சுடிதாரைத் தாண்டித் தொடையில் ஏறியது.

மலைக்கோட்டை அடிவாரத்தில் துணிக்கடைக்கு மேல்மாடியில் மூன்று தலைமுறையாக நடக்கும் கிரிமினல் வக்கீல் அலுவலகம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு முந்தைய மாலை, ஜூனியர் ஒருவர் அந்தச் சாட்சியாக இங்கே உட்கார வேண்டும். சீனியர் கேள்விகளைத் தீட்டிப் பார்ப்பார். சீனியர் பீமராவின் தாத்தா தொடங்கிய பழக்கம். உயிரோடிருக்கும் சாட்சிகளுக்கு மட்டும்தான் நாற்காலி என்பதும் அவர் வைத்த விதி. நாளைய சாட்சி ஒரு மாஜிஸ்ட்ரேட்; இன்று ஜூனியர் லின்சியின் முறை.

"மாஜிஸ்ட்ரேட்டா உட்கார வேண்டாம்மா. சுபஸ்ரீயா உட்காரு" என்றார் பீமராவ்.

"சார், அவங்க இறந்துட்டாங்க."

"அதனாலதான். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போயிட்டா. அவளை யாரு கூண்டுல ஏத்த முடியும்? ஒரு தடவை கேட்டுப் பாத்துட்டா எனக்கு நிம்மதி." சிரித்தார். "போன மாசம் ஏட்டய்யாவா உட்கார்ந்து மீசையெல்லாம் முறுக்கினியே, இப்ப என்ன பயம்?"

சுபஸ்ரீ ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டுச் சமையலறையில் எரிந்தவள். கணவன் நவநீதன்தான் பெட்ரோல் ஊற்றினான் என்று ஆஸ்பத்திரியில் மாஜிஸ்ட்ரேட்டிடம் மரண வாக்குமூலம் கொடுத்தாள். அவள் தெளிவாக இருந்ததாக டாக்டர் எழுதிய சான்றில் நேரம் வாக்குமூலத்தின் நேரத்தோடு பொருந்தவில்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவள் லின்சி. நாளைக்கு அது போதும், நவநீதன் விடுதலையாகிவிடுவான். கண்டுபிடித்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் செய்தானா என்று இந்த அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்காமலிருக்கத் தானும் பழகிவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஜாமீனில் இருக்கும் கட்சிக்காரன் நவநீதன் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூடிய சன்னலையும் மீறித் துணிக்கடை ஒலிபெருக்கி தள்ளுபடியைக் கூவிக்கொண்டிருந்தது. ஆட்டோ ஹாரன்களும் பேரம் பேசும் குரல்களும் மழைக்கு முந்தைய மண்வாடையும் படியேறி வந்துகொண்டிருந்தன.

"அன்னிக்கு கேஸ் வாசனை வந்துச்சா?"

"தெரியலைங்க."

தயார் செய்து வைத்திருந்த பதில்தான். கீழே ஒலிபெருக்கி நின்றிருந்தது. எப்போது நின்றது?

"சமையலறைக் கதவு திறந்துதானே இருந்துச்சு?"

நினைவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வெளியில தாழ் போட்டிருந்துச்சு."

பீமராவின் பேனா தயங்கியது. "வாக்குமூலத்துல அப்படி இல்லையேம்மா."

"தட்டினேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்."

நாக்கைக் கடித்தாள். உப்புக் கரித்தது. நாக்கு நிற்கவில்லை.

"பாப்பா அழுதுச்சு. தூக்கிட்டு வந்து டிவி முன்னால உட்கார வெச்சார்."

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. நவநீதன் நின்றான்.

"மேடம், டிவி விஷயம் உங்களுக்கு யாருங்க சொன்னது?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சுவரோடு சரிந்தான்.

"சுபா... வேணாம்டி."

எழுந்துவிட வேண்டும். கால்கள் கேட்கவில்லை. கைகளில் தோல் இழுத்தது. பீமராவ் எழுதிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. கை மட்டும் ஓடியது.

"எழுதிட்டீங்களா?" என்று அவள் வாய் கேட்டது.

"எழுதிட்டேன்மா."

தாளை அவள் பக்கம் நகர்த்தினார். சாட்சி சொன்னவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டில் நடப்பது போலவே இங்கும்.

பேனாவை எடுக்கப் போனாள். விரல்கள் மடங்கவில்லை.

கை வெந்தவர்களிடம் ஆஸ்பத்திரியில் கால் பெருவிரல் ரேகை எடுப்பார்கள். சுபஸ்ரீயிடமும் அப்படித்தான் எடுத்தார்கள்.

செருப்பு கழன்றது. லின்சி கழற்றவில்லை.

இடது கால் மெல்ல உயர்ந்து மேசைமேல் வந்தது. பெருவிரல் ஏற்கெனவே கறுத்திருந்தது. தாளில் அழுந்தியது.

தாள் நகராமலிருக்க, பீமராவ் அதன் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டிருந்தார்.